எவ்வளவு சாப்பிட்டால் தசை ஏறும்? தராசும் டேப்பும் வைத்து ஒரு பதினாறு வாரக் கணக்கு

ஊக்கமருந்து எடுக்காமல் உடம்பை ஏற்ற நினைப்பவர்கள் சாப்பாட்டில் இரண்டு பக்கமாகச் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் "நிறையத்தான் சாப்பிடுகிறேன், ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், நிறைய என்று நினைத்தது ஒரு வேளைச் சாப்பாடு மட்டும்தான் என்று தெரியும். இன்னொரு சாரார் மூன்று மாதத்தில் எட்டு கிலோ ஏற்றிவிட்டு, அதில் பெரும்பங்கு இடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பழைய பேன்ட் போடும்போது கண்டுபிடிப்பார்கள். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். அளந்து சாப்பிட்டு, எடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, 100 முதல் 150 கலோரி அளவில் திருத்திக்கொண்டே போவது.

அந்த வேலையை ஒரு மாதிரி ஆளை வைத்து முழுக்கச் செய்து காட்டுவதே இந்தப் பதிவு. ஆண், வயது 28, உயரம் 175 செ.மீ., எடை 70 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை, வாரம் நான்கு நாள் எடைப் பயிற்சி, ஒன்றரை வருட அனுபவம். கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்ட ஆள் இவர். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோகலோரிதான்.

வேண்டிய சாமான்கள்

ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையலறைத் தராசு. 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும், உடல் எடை பார்க்கும் டிஜிட்டல் எடைத் தராசு. தையற்காரர் டேப். ஒரு நோட்டு அல்லது ஸ்ப்ரெட்ஷீட். வேறெதுவும் வேண்டாம்.

எடைத் தராசைக் கெட்டியான தரையில், எப்போதும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். விரிப்பின்மேல் வைத்தால் எண் நம்பத்தக்கதாக இருக்காது. சில தராசுகள் கொழுப்புச் சதவீதமும் காட்டும். அது உடம்பில் மின்னோட்டம் செல்லும் தடையை வைத்துப் போடும் ஊகம். முந்தின இரவு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதைப் பொறுத்தே மாறும். அதை எழுதி வைக்காதீர்கள், எழுதினால் நம்பத் தோன்றும்.

மணிக்கட்டுப் பட்டை "இன்று 640 கலோரி எரித்தீர்கள்" என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டின. எரித்த கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. 250 கலோரி உபரியை (உடம்பு செலவழிப்பதைவிட அதிகமாகச் சாப்பிடுவதை) பிடிக்க முயலும் வேலையில் அவ்வளவு பெரிய பிழைக்கு இடமில்லை.

முதல் எண்: கால்குலேட்டர்

மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990இல் வந்தது. இன்றும் பெரும்பாலான கால்குலேட்டர்களுக்குள் ஓடுவது அதுதான். எடையை (கிலோவில்) 10ஆலும் உயரத்தை (செ.மீ.யில்) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு ஆண் என்றால் 5 கூட்டல், பெண் என்றால் 161 கழித்தல். நம் ஆளுக்கு 700 + 1094 − 140 + 5, அதாவது சுமார் 1660. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிப்பது இவ்வளவு.

இதை நடமாட்டத்துக்கு ஏற்ப ஒரு எண்ணால் பெருக்குகிறோம். உட்கார்ந்த வேலை, நான்கு நாள் பயிற்சி என்றால் 1.5 போடலாம். 1660 × 1.5 = 2490. முழுமையாக்கி 2500.

கால்குலேட்டரின் வேலை இத்துடன் முடிந்தது. இந்த 1.5 என்பது 1.4ஆகவோ 1.65ஆகவோ இருந்தால் விடை 2320 முதல் 2740 வரை எங்கு வேண்டுமானாலும் விழும். நாம் சேர்க்கப்போகும் உபரியைவிட இந்த இடைவெளியே பெரியது. ஆகவே இந்த எண்ணின்மேல் நேராக உபரியை ஏற்றக் கூடாது. சோதித்துப் பார்த்த பிறகுதான்.

மூன்று வாரச் சோதனை

21 நாள், தினமும் 2500. ஒரு நாள் 2450, மறுநாள் 2550 என்று ஆனால் பரவாயில்லை; வாரச் சராசரி சரியாக வர வேண்டும். பயிற்சியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், ஒரே அளவு உடையில் எடை பார்த்து எழுத வேண்டும். ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் சராசரியை மட்டும் பேசுங்கள். தனி நாள் எடை உப்பு, மாவுச்சத்து, மலச்சிக்கல், முந்தைய நாளின் கடுமையான கால் பயிற்சி என்று எதற்கெல்லாமோ ஒரு கிலோ வரை ஆடும்.

கிரியேட்டின் (பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் துணை உணவுப் பொடி) எடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனைக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, நாளுக்கு 3–5 கிராம் வீதம், தொடங்கிவிடுங்கள். அது தசைக்குள் தண்ணீரை இழுத்து எடையை ஒன்று, சில சமயம் இரண்டு கிலோகூட ஏற்றிவிடும். சோதனை நடுவே தொடங்கினால் சாப்பாட்டின் விளைவு எது, தண்ணீர் எது என்று பிரிக்கவே முடியாது.

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு மூன்று வாரம் போதாது. சுழற்சிக்குள்ளேயே தண்ணீர் ஏறி இறங்கும். ஒரு சுழற்சியின் முதல் வாரச் சராசரியை அடுத்த சுழற்சியின் முதல் வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். நேரம் கூடுதலாக ஆகும், வேறு குறுக்குவழி இல்லை.

நம் ஆளின் முதல் வாரச் சராசரி 70.4, மூன்றாம் வாரச் சராசரி 70.0 என்று வைத்துக்கொள்வோம். 14 நாளில் 400 கிராம் இறங்கியிருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. 0.4 × 7700 ÷ 14 = 220. ஆக, நாளுக்கு 220 கலோரி பற்றாக்குறையில் இருந்திருக்கிறார். இவருடைய உண்மையான மெயின்டனன்ஸ், அதாவது எடை நிற்கும் அளவு, 2720. கால்குலேட்டர் சொன்ன 2500மேல் 200 சேர்த்து "பல்க் (எடை ஏற்றும் கட்டம்) தொடங்கிவிட்டேன்" என்றிருந்தால் 2700 சாப்பிட்டிருப்பார், எடை ஒரு கிராம்கூட ஏறியிருக்காது.

உபரி ஏன் இவ்வளவு சின்னது

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தசையில் முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம், மீதி கொஞ்சம் கொழுப்பும் கிளைக்கோஜனும் (தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து). ஒரு கிலோ தசைக்குள் 200 கிராம் புரதம் என்றால் 800 கலோரி. கொழுப்பு, கிளைக்கோஜன் சேர்த்தால் 1200ஐ ஒட்டி வரும். கொழுப்பிலோ கிலோவுக்கு 7700. பயிற்சிக்குப் புதியவர் ஒருவர் மாதத்துக்கு ஒரு கிலோ தசை ஏற்றுகிறார் என்றே வையுங்கள். நல்ல வேகம் அது. அந்தத் தசைக்குள் போய்ச் சேரும் ஆற்றல் நாளுக்கு 40 கலோரி. கட்டும் வேலைக்கான கூலி, பயிற்சிக்கான செலவு என்று அதை மூன்று மடங்காக்கினாலும் 120தான். நாளுக்கு 1000 கலோரி அதிகமாகச் சாப்பிடுகிறவரின் மீதி 880 எங்கே போகும்? கொஞ்சம் சூடாகக் கரையும், கொஞ்சம் கைகால் ஆட்டத்தில் போகும், மிச்சம் கொழுப்பாகப் படியும். கட்டடத்தில் கொத்தனார் நான்கு பேர் இருக்கும்போது செங்கல் லாரியை இரண்டாக்கினால் சுவர் இரட்டை வேகத்தில் எழும்பாது.

2013இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று இதை நேராகக் காட்டுகிறது. உயர்நிலை விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஆலோசனையோடு கூடுதல் சாப்பாடு, சராசரியாக நாளுக்கு 600 கலோரி அளவுக்கு அதிகம். மறு குழு பசிக்கு ஏற்பச் சாப்பிட்டது. அதிகம் சாப்பிட்ட குழுவின் எடை கூடுதலாக ஏறியது உண்மை. ஆனால் அவர்களுடைய கொழுப்பு 15 சதவீதம் அளவுக்கு ஏறியது, மறு குழுவில் 3 சதவீதம் அளவுக்கு. தசை வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தும் அளவுக்கு வரவில்லை.

ஜிம்மில் பெரிய உடம்போடு சுற்றுகிறவர் "நான் 5000 சாப்பிடுகிறேன்" என்றால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாததற்கும் காரணம் இருக்கிறது. 1996இல் வெளியான, பேராசிரியர் பாசின் குழுவின் ஆய்வில் வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பத்து வாரம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் உடல் எடைக்கு ஏற்ற அளவுச் சாப்பாடு: கிலோவுக்கு 36 கலோரி, 1.5 கிராம் புரதம். மருந்து இல்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை சுமார் 2 கிலோ ஏறியது. மருந்து எடுத்துக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. சாப்பாட்டு அளவு ஒன்றாக இருக்க, கட்டும் வேகத்தை மாற்றியது மருந்து. மருந்து எடுப்பவருடைய தட்டு அவருடைய வேகத்துக்கானது. அந்தத் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டால் தொப்பைதான் கைமாறும்.

ஆகவே இலக்கைக் கலோரியில் வைக்காமல், எடை ஏறும் வேகத்தில் வையுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடப் பயிற்சியில் இருப்பவர் வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம். 70 கிலோவுக்கு அது 175 முதல் 350 கிராம். நாலைந்து வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கு 0.1 முதல் 0.25 சதவீதம் போதும். அவருடைய தசை அதைவிட வேகமாக வளராது. இந்த வேகத்தைத் தரக்கூடிய தொடக்க உபரி, மெயின்டனன்ஸின்மேல் 8 முதல் 12 சதவீதம். நம் ஆளுக்கு 230 சேர்த்து 2950.

உபரியே தேவைப்படாதவர்களும் உண்டு. பயிற்சிக்குப் புதியவர், ஏற்கெனவே கொழுப்பு அதிகம் (கைக்கணக்காக ஆண் 20 சதவீதத்துக்கு மேல், பெண் 30க்கு மேல்) என்றால் மெயின்டனன்ஸிலோ 200–300 குறைவாகவோ இருந்தே தசை வளர்க்கலாம். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவருக்கும் அப்படியே. இழந்த தசை புதுத் தசையைவிடச் சுலபமாகத் திரும்பும்.

2950ஐ எப்படிப் பிரிப்பது

புரதம்: கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். 2018இல் 49 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பாய்வில், சுமார் 1.6க்கு மேல் போனால் சராசரியாகப் பலன் கூடுவது நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. பிழை எல்லையின் மேல்விளிம்பு 2.2. நம் ஆளுக்கு 112 முதல் 154 கிராம். 130 வைப்போம். அதிகக் கொழுப்புள்ளவர் இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் போடாமல், இருக்க விரும்பும் எடையை வைத்துப் போட வேண்டும். 110 கிலோ ஆளுக்கு 240 கிராம் புரதம் என்று கால்குலேட்டர் காட்டினால், அது கொழுப்புக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுகிறது என்று பொருள்.

கொழுப்பு: கிலோவுக்கு 1 கிராமை ஒட்டி, 80. புரதம் 130 × 4 = 520, கொழுப்பு 80 × 9 = 720. மீதி 1710. நான்கால் வகுத்தால் 427 கிராம் மாவுச்சத்து. பயிற்சிக்கு எரிபொருள் இதுதான். இதைக் குறைத்துக் கொழுப்பில் நிரப்பினால் கலோரி ஒன்றாக இருந்தாலும் கடைசி செட்டுகளில் (ஒரு மூச்சில் செய்து முடிக்கும் சுற்றுகளில்) கை தளரும்.

புரதத்தை நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 30 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஷேக் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்ற பதற்றம் தேவையில்லை. நாள் மொத்தம் சரியாக இருந்தால் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது.

ஒரு நாள் தட்டு, எல்லாம் சமைக்கும் முன் எடை:

- ஓட்ஸ் 80 கிராம்: 305 கலோரி, 11 கிராம் புரதம்
- முழுக்கொழுப்புப் பால் 500 மி.லி.: 320, 16
- முட்டை 4: 290, 25
- வெள்ளை அரிசி 220 கிராம்: 790, 15
- பருப்பு 70 கிராம்: 245, 17
- தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 150 கிராம்: 180, 34
- நிலக்கடலை 40 கிராம்: 227, 10
- உரித்த வாழைப்பழம் 240 கிராம்: 214, 3
- எண்ணெய் 20 கிராம்: 177, 0
- காய்கறி 400 கிராம்: சுமார் 120, 6
- சர்க்கரை 20 கிராம்: 80, 0

கூட்டினால் 2948 கலோரி, 137 கிராம் புரதம், கொழுப்பு 87ஐ ஒட்டி. திட்டத்தோடு ஐந்து பத்து கிராம் முன்பின் ஆவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சைவமாக இருப்பவர் கோழியையும் முட்டையையும் எடுத்துவிட்டால் 59 கிராம் புரதம் குறையும். அதைப் பருப்பைக் கொண்டு மட்டும் ஈடுகட்டினால் இன்னும் 245 கிராம் பருப்பு, வயிறு ஒத்துக்கொள்ளாது. வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) இரண்டு ஸ்கூப், அதாவது 60 கிராம் பொடியில், 45 முதல் 48 கிராம் கிடைத்துவிடும். மீதிக்குத் தயிரோ சோயாவோ. ஸ்கூப் என்பது கன அளவு என்பதால் அதையும் ஒரு முறை தராசில் வைத்துப் பாருங்கள். 30 கிராம் என்று எழுதியிருக்கும் கரண்டியை அமுக்கி அள்ளினால் 36 காட்டும்.

வாரப் பதிவு

தொடக்கச் சராசரி 70.0 கிலோ. தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இடுப்பு 81.0 செ.மீ. பெஞ்ச் பிரஸ் 60 கிலோ 8 ரெப் (8 முறை), ஸ்குவாட் 80 கிலோ 8 ரெப், புல்-அப் 7.

வாரம் 1, 2950: சராசரி 70.8. ஒரே வாரத்தில் 800 கிராம்! பலர் பயந்து சாப்பாட்டைக் குறைப்பது இங்கேதான். குறைக்கக் கூடாது. முன்பு சாப்பிட்டதைவிட 450 கலோரி அதிகம், பெரும்பாலும் மாவுச்சத்து. அது தசையில் கிளைக்கோஜனாகச் சேரும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். குடலில் எப்போதும் இருக்கும் உணவும் கூடியிருக்கிறது. இந்த ஏற்றத்தை ஒரு தரம் எழுதிவிட்டு, 70.8ஐப் புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் 2: 70.9. வாரம் 3: 71.1. வாரம் 4: 71.3, இடுப்பு 81.3. கடைசி இரண்டு வாரமும் வாரத்துக்கு 200 கிராம். இலக்குக்குள் இருக்கிறது, கை வைக்க ஒன்றுமில்லை.

வாரம் 5: 71.4. வாரம் 6: 71.4. வாரம் 7: 71.5. மூன்று வாரத்தில் 200 கிராம்தான், வேகம் படுத்துவிட்டது. சாப்பாடு அதேதான், என்ன ஆயிற்று? உடம்பு கூடக் கொடுத்ததைக் கூடச் செலவழிக்கக் கற்றுக்கொண்டது. எடை கூடியதால் ஒவ்வொரு அசைவுக்கும் செலவு கூடும். அதோடு தெரியாமலேயே அதிகம் நடப்பது, நிற்பது, காலாட்டுவது. 1999இல் வந்த ஆய்வொன்றில் 16 பேருக்கு எட்டு வாரம், நாளுக்கு 1000 கலோரி அதிகமாகக் கொடுத்தார்கள். கொழுப்பு ஏறியது ஒருவருக்கு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ! இந்தத் தன்னறியா அசைவுதான் வித்தியாசத்துக்குப் பெரிய காரணமாக இருந்தது. அண்ணனுக்கு வேலை செய்த அளவு தம்பிக்கு ஏன் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் இதுதான்.

கூட்டும் முன் இரண்டைப் பாருங்கள். அளப்பதில் கசிவு இருக்கிறதா (கீழே வருகிறது)? போனில் காட்டும் நடை எண்ணிக்கை கூடியிருக்கிறதா? இரண்டும் பார்த்தாகிவிட்டது என்றால் 150 சேர்க்கலாம். 40 கிராம் அரிசி அல்லது 26 கிராம் நிலக்கடலை, அவ்வளவே. புதிய அளவு 3100.

வாரம் 8: 71.8, இடுப்பு 81.8. வாரம் 9: 72.0. வாரம் 10: 72.2. வாரம் 11: 72.5. வாரம் 12: 72.7, இடுப்பு 82.4. ஐந்து வாரத்தில் 1.2 கிலோ, சரியான ஓட்டம்.

வாரம் 13: 73.4. வாரக் கடைசியில் ஒரு விருந்து, உப்பும் இனிப்பும் தாராளம். எதையும் மாற்றாமல் விட்டால் வாரம் 14இல் 73.1க்கு வந்துவிடுகிறது. ஒற்றை வாரத்தைப் பார்த்து எண்ணை மாற்றக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று.

வாரம் 15: 73.3. வாரம் 16: 73.6, இடுப்பு 83.0. பெஞ்ச் 67.5 கிலோ 8 ரெப், ஸ்குவாட் 95 கிலோ 8 ரெப், கூடிய எடையோடு புல்-அப் 9.

முதல் வாரத் தண்ணீரைக் கழித்தால் 15 வாரத்தில் 2.8 கிலோ, இடுப்பு 2 செ.மீ. அதில் தசை எத்தனை என்று தராசு சொல்லாது. டேப்பும் பயிற்சி நோட்டும் சேர்ந்து ஓரளவு சொல்லும். கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்: கிலோவுக்கு ஒரு செ.மீ.க்கு மேல் இடுப்பு கூடினால் உபரி அதிகம், 100–150 வெட்டுங்கள். எடை ஏறுகிறது, இடுப்பும் ஏறுகிறது, ஆனால் பாரம் ஒரு மாதமாக நகரவில்லை என்றால் கோளாறு சாப்பாட்டில் இல்லை. ஒவ்வொரு தசைக்கும் வாரம் பத்து செட்டாவது கிடைக்கிறதா, அவை தோல்விக்கு (இனி ஒரு முறைகூடத் தூக்க முடியாத நிலைக்கு) ஒன்றிரண்டு ரெப் முன்புவரை போகின்றனவா, தூக்கம் ஏழு மணி நேரம் இருக்கிறதா என்று அங்கே தேடுங்கள்.

கணக்கு கசியும் இடங்கள்

பெரிய ஓட்டை: பச்சை எடை, வெந்த எடை. 220 கிராம் அரிசி வெந்தால் 600 கிராமை ஒட்டி வரும். வெந்த சாதத்தை 220 கிராம் எடுத்துப் போட்டுக்கொண்டு, செயலியில் "அரிசி 220" என்று பச்சைக் கணக்கைத் தட்டினால் 790 கலோரி என்று பதிவாகும். வயிற்றுக்குள் போனது 290கூட இல்லை. ஒரே வரியில் 500 கலோரி காணாமல் போகிறது. இறைச்சியில் இது தலைகீழ். தண்ணீர் வற்றி நூறு கிராம் எழுபத்தைந்தாகும். அதனால் வெந்த 150 கிராமைப் பச்சைக் கணக்கில் எழுதினால் புரதம் குறைவாகப் பதிவாகும். வீட்டாரோடு ஒரே பாத்திரத்தில் சமைப்பவர்கள் பச்சைப் பொருள் மொத்தத்தை எழுதிவிட்டு, வெந்த மொத்த எடையில் தங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று பிரிக்க வேண்டும். வெறும் பாத்திரத்தின் எடையை அடியில் மார்க்கரால் எழுதி வைத்தால் தினமும் அரை நிமிடம் மிச்சம்.

அடுத்தது வாரக் கடைசி. ஐந்து நாள் கச்சிதமாக 2950. சனி ஞாயிறு தாமதமாக எழுந்து ஒரு வேளையை விட்டுவிட்டு 2100. கூட்டி ஏழால் வகுங்கள்: 2707. மெயின்டனன்ஸ் 2720! வாரம் முழுக்க உழைத்துவிட்டு எடை அசையாமல் நிற்பவர்களில் பலருடைய கதை இந்தக் கணக்குக்குள் முடிந்துவிடும். எடை சட்டென்று கூடுகிறவர்களுக்கு இதே இரண்டு நாள் மறுபக்கம் சாயும்.

எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி 14 கிராம், 120 கலோரிக்குக் கொஞ்சம் மேல். கண்ணளவில் ஊற்றினால் இரண்டு கரண்டிகூட ஒன்றாகத் தெரியும். பாட்டிலையே தராசில் வைத்து, ஊற்றும் முன்னும் பின்னும் வித்தியாசம் பாருங்கள்.

சாப்பிட முடியவில்லை என்பது உண்மையான சிக்கல், சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். வயிறு நிறைவது பெரும்பாலும் கன அளவாலும் நார்ச்சத்தாலும். காய்கறியை 400 கிராமோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் அரிசிக்கு இடமிருக்காது. திட உணவைவிடத் திரவம் சீக்கிரம் இறங்கும்: 300 மி.லி. பால், ஒரு வாழைப்பழம், 30 கிராம் ஓட்ஸ், 20 கிராம் நிலக்கடலை அரைத்தால் 500 கலோரிக்குச் சற்று மேல், ஐந்து நிமிட வேலை. 2500இலிருந்து 3100க்கு ஒரே நாளில் தாவினால் வயிற்று உப்புசம் வந்து மூன்றாம் நாளே விட்டுவிடத் தோன்றும். 150 வீதம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஏற்றினால் குடல் பழகிவிடும்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், அதற்கான மருந்து என்று ஏதேனும் இருந்தால் புரத அளவையும் உபரியையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். உணவை எடைபோடுவதே மனதை அரிக்கத் தொடங்கினால் தராசை ஒதுக்கிவிட்டு, ஒரே மாதிரியான நான்கு வேளைச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு எடையை வாரம் மூன்று முறை மட்டும் பார்க்கலாம். துல்லியம் குறையும், வேலை நடக்கும்.

எங்கே நிறுத்துவது

தேதி வைத்து நிறுத்துவதைவிட இடுப்பு வைத்து நிறுத்துவது நல்லது. தொடக்க அளவிலிருந்து 5 செ.மீ. கூடும்வரை ஓடலாம், நம் ஆளின் வேகத்தில் இன்னும் பல மாதம். அந்த எல்லையைத் தொட்டதும் நான்கு முதல் ஆறு வாரம், அப்போதைய மெயின்டனன்ஸிலிருந்து 500 குறைத்து, புரதத்தைக் கிலோவுக்கு 2 கிராமுக்கு ஏற்றி, பாரத்தைக் குறைக்காமல் செட்டுகளை மட்டும் கொஞ்சம் குறைத்து இறங்க வேண்டும். வாரத்துக்கு எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் போதும்.

குறைப்பு முடிந்த மறுநாளே பழைய 3100க்குத் திரும்பக் கூடாது. எடை மாறியிருக்கிறது, நடமாட்டமும் சுருங்கியிருக்கும், அந்த எண் காலாவதியானது. இரண்டு வாரம் புதிய மெயின்டனன்ஸ் ஊகத்தில் நின்று பாருங்கள். முதல் வாரத்தில் கிளைக்கோஜனும் தண்ணீரும் திரும்பி எடை ஒரு கிலோ வரை ஏறும். அதைக் கழித்துவிட்டு இரண்டாம் வாரச் சராசரியிலிருந்து மூன்று வாரச் சோதனையை மறுபடி ஓட்டி, அதில் வரும் எண்ணின்மேல் 8 சதவீதம் வைத்து அடுத்த சுற்றைத் தொடங்கலாம்.